கடைசிப் பந்தை யார் பார்த்தது?

— நீங்க முதல்ல போங்க அண்ணி. நான் இன்னொரு டீ குடிச்சிட்டு பின்னாலயே வந்துடறேன்.

— ஏத்தா, எத்தன டீதான் குடிப்ப? பேக்கரிக்காரரு உனக்காகவே அடுப்ப அணைக்காம நிக்கிறாரு. நீ முதல்ல போ. உன் அண்ணன்தானே. கூடப் பொறந்தவளத் திட்டினா அரை மணி நேரத்துல மறந்துருவாரு.

— உங்க புருஷன்தானே. பொண்டாட்டியத் திட்டினா ராத்திரிக்கு சோறு கெடைக்காதுன்னு அவருக்குத் தெரியும். நீங்க போனாதான் சேஃப்டி.

— இன்னிக்கு சோறு ஆக்குறதே அவருதான்த்தா. மறந்துட்டியா? நாம விசில் ஊதுற நாள்ல அவரு சமையல்னு பேசித்தானே வச்சிருக்கோம்.

— அய்யய்ய. அப்போ இன்னிக்கு நமக்கு சோறே கெடையாது.

— அதனால இந்த தேங்கா பன்ன மிச்சம் வைக்காம தின்னு. சௌமி, ஒண்ணு கேக்கிறேன் சொல்லு. மேட்ச் முடிஞ்சா ரெஃப்ரி எப்பிடி கோர்ட்ட விட்டு வெளிய போகணும்?

— ரெண்டு பேரும் சேந்து.

— ஒருத்திய விட்டுட்டு ஒருத்தி போலாமா?

— போகக் கூடாது. கோச்சுங்க தனியா மடக்கிடுவாங்க.

— வீட்டுக்கும் அம்புட்டுத்தான். சேந்தே போவோம். சேந்தே வாங்கிக் கட்டிக்குவோம்.

— எல்லாம் அந்த யானையால வந்த வினை அண்ணி.

— யானை என்ன பண்ணுச்சு பாவம்? அது பாட்டுக்கு ரோட்டத் தாண்டுச்சு.

— எங்க தாண்டிச்சு? ராயக்கோட்டையிலேருந்து ரெண்டு ரெஃப்ரியும் ஒரே கார்ல வந்துகினு இருந்தாங்க. அதுல ஒருத்தரு, மணிவேல் சார், போன்ல இன்னா சொன்னார் தெரியுமா? 'சானமாவு காட்டுகிட்ட ரோட்டுலயே குட்டியோட நிக்குதுங்க மேடம், ஃபாரஸ்ட்டுக்காரங்க வண்டிய விட மாட்டேங்கறாங்க'ன்னாரு. நாம மத்தியானம் பசங்க பேஸ்கட்பால் மேட்ச் ஊதிட்டு அப்பவே வண்டிய எடுத்திருந்தா தப்பிச்சிருப்போம். சும்னே நின்னு ஐஸ்க்ரீம் தின்னுகினு இருந்தோம். மாட்டிக்கினோம்.

— ஐஸ்க்ரீம் தின்னது நீ. நான் அப்பவே கெளம்பலாம்னுதான் சொன்னேன்.

— சரி, நான்தான். ஆனா கங்கப்பன் சார் வந்து நின்னப்ப நான் இன்னா பண்றது? சங்கத்துச் செயலாளரே வந்து, பொண்ணுங்க ஃபைனல் ஊதறதுக்கு ஆளில்லம்மான்னு கைய பிசையறாரு.

— நான் சொல்லிப் பாத்தேன்ல. 'சார், அதுல ஒரு டீமுக்கு கோச்சு என் வீட்டுக்காரரு, இவளுக்கு அண்ணன். நாங்க ஊதுறது நல்லா இருக்காது சார்'னு.

— அதுக்கு சரிதா மேடம் சொன்னாங்களே ஒண்ணு! எதிர் டீமுக்கு கோச்சு அவங்க. வேணாம்னு சொல்ல வேண்டியவங்களே அவங்கதான். சிரிச்சுகினே, 'இவங்க ரெண்டு பேரும் ஊதினா எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல சார், கஷ்டமெல்லாம் பிரதாப் சாருக்குத்தான்'னுட்டாங்க.

— உங்கண்ணன் மூஞ்சி அப்பவே சுருங்கிப்போச்சு.

— சுருங்காம? ரெஃப்ரிகிட்ட ஒரு டெக்னிக்கல் ஃபவுல் கூட வாங்காத மனுஷன். இன்னிக்கு என் வாயாலயே மூணு வார்னிங். 'கோச், கோட்டுக்குப் பின்னால போங்க. கோச், உங்க இடத்துல நில்லுங்க'ன்னு. சின்ன வயசுல என்னை தோள் மேல தூக்கிகினு தொரப்பள்ளி பூரா சுத்தினவரு அண்ணி. அவர விரல் நீட்டிப் போங்கன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு.

— ஆனாலும் சொன்னேல்ல. அதான் நீ. நானா இருந்தா 'ஏங்க'ன்னு இழுத்திருப்பேன். அம்புட்டுக் கூட்டமும் சிரிச்சிருக்கும்.

— நீங்க மட்டும் கொறைச்சலா? டைம் அவுட்ல அவரு 'ஒரே ஒரு கேள்வி மேடம்'னு வந்தாரே. அஞ்சாம் நம்பர் பொண்ணு பந்தத் தட்டாமலே ஸ்டெப்ஸ் எடுத்தத பாக்கலியான்னு கேட்டாரு. நீங்க அசரவே இல்ல. 'அது அவங்க ஏரியா கோச், அவங்க கிட்ட நின்னு பாத்தாங்க, அவங்க பாத்தது சரியாத்தான் இருக்கும்'னீங்க. எனக்குக் காதுல விழுந்துச்சு. உள்ளுக்குள்ள கரைஞ்சிட்டேன்.

— கரையறதுக்கு என்னத்தா இருக்கு? நீ இருக்கிற தைரியத்துலதான் நான் அங்கிட்டுத் திரும்பியே பாக்கிறதில்ல.

— ஒரு பாயிண்ட் அண்ணி. ஒரே ஒரு பாயிண்ட்ல தோத்தாரு. கடைசிப் பந்து அவரு பெஞ்சு முன்னாடியே வெளிய போவணுமா? அத நாம எதிர் டீமுக்குக் குடுக்கணுமா? அப்பிடியே நேரம் முடிஞ்சு மணியடிக்கணுமா?

— குடுத்தது குடுத்ததுதான். அதப் பேசாத.

— மேட்ச் முடிஞ்சு அவரு போனதப் பாத்தீங்களா? ஷூவக் கழட்டிக் கையில புடிச்சுகினு வெறுங்காலோட போறாரு.

— பாத்தேன். போன மாசம் சம்பளம் வந்ததும் நான் வாங்கிக் குடுத்த வெள்ளை ஷூ. இன்னிக்குத்தான் முத முதலா போட்டாரு. என் மேல உள்ள கோவத்தத்தான் ஷூ மேல காமிக்கிறாரு போல. நெஞ்சு பொறுக்கலத்தா எனக்கு.

— போன் அடிக்குது. யாருது?

— உன்னோடது.

— அய்யோ. அண்ணன்தான்.

— எடு. ஸ்பீக்கர்ல போடு. பயப்படாத. கோச்சு வந்து கேட்டா எப்பிடிப் பேசணும்?

— கேள்வியா கேட்டா பதில் சொல்லணும். கத்தினா சொல்ல வேணாம். கூட ஊதினவங்களப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது.

— அவ்வளவுதான். எடு.

— அண்ணா.

— சௌமி, எங்க இருக்கீங்க ரெண்டு பேரும்?

— ராயக்கோட்டை ரோட்டு பேக்கரியில. வந்துகினே இருக்கோம் அண்ணா.

— ஒரே ஒரு கேள்வி.

— கேளுங்க.

— அந்தக் கடைசிப் பந்து. அத யாரு பாத்தது? நீயா, செல்வியா?

— அது எங்க ரெண்டு பேரோட முடிவு கோச்.

— போன்ல என்னை கோச்சுன்னு கூப்பிடாத. நான் உன் அண்ணன்.

— கோச்சு கேக்கற கேள்விய கேட்டா நான் இன்னா சொல்லட்டும்?

— சரி. ரெண்டு பேரும் பாத்தீங்கன்னே வெச்சுக்கறேன். எது வரைக்கும் பாத்தே?

— எது வரைக்கும்னா?

— கடைசி வரைக்கும் பாத்தியா? எங்க டீம் பிரியா கைக்கு வந்திருக்க வேண்டிய பந்து அது. அது ஏன் வரலன்னு பாத்தியா?

— பந்து அவங்க டீமுக்கு. அதான் பதில். பதில் ஒண்ணுதான் அண்ணா, மாத்தி மாத்திக் கேட்டாலும்.

— கங்கப்பன் சார் என்னைக் கேட்டாரு. அந்தப் பந்தப் பத்தி சங்கத்துக்குச் சொல்றதுக்கு எதனா இருந்தா ஏழு மணிக்குள்ள சொல்லிடுங்கன்னாரு. அதுக்குத்தான் கேக்கறேன். வெச்சிடறேன்.

— வெச்சிட்டாரு அண்ணி.

— கேட்டேன். 'சங்கத்துக்குச் சொல்றதுக்கு'ன்னா என்ன? புகாரா?

— வேற இன்னா? புகார்தான்.

— நம்ம மேலயா? நம்ம வீட்டு மனுஷனா?

— மேட்ச்சுக்கு முன்னாடி கங்கப்பன் சார் சொன்னது ஞாபகம் இருக்குதா? 'ஸ்டேட் ரெஃப்ரி பேனலுக்கு நம்ம மாவட்டத்துலேருந்து உங்க ரெண்டு பேரு பேரத்தான் அனுப்பப் போறேன். இன்னிக்கு ஒரு புகார் வந்தாலும் அது முடியாதும்மா. வீட்டு ஆளு மேட்ச்ச வீட்டு ஆளே ஊதினாங்கன்னு என் தலை உருளும், உங்க விசிலும் போயிடும்'னாரு. நாம சரி சார் சரி சார்னு தலைய ஆட்டினோம்.

— இந்த விசிலுக்காக எத்தன ஞாயித்துக்கெழமை வெயில்ல நின்னிருக்கோம். ஃபேக்டரியில நைட் ஷிப்ட் முடிச்சுட்டு கண்ணு எரிய எரிய வந்து ஓடியிருக்கேன். சேலம் போவோம், கோயம்புத்தூர் போவோம், நம்மளயும் பேரு சொல்லிக் கூப்பிடுவாங்கன்னு நெனச்சிருந்தேன்.

— அழாதீங்க அண்ணி.

— அழல. பன்னத் தின்னுக்கிட்டு இருக்கேன். இரு, இப்ப என் போனு அடிக்குது.

— பாத்தீங்களா? தனித்தனியா கேட்டு வாயப் புடுங்கறாரு. எல்லா கோச்சும் பண்ற வேலை.

— என்கிட்ட நடக்காது. ஏங்க, சொல்லுங்க.

— செல்வி, நீயாவது நெஜத்த சொல்லு. சௌமி மழுப்பறா.

— ஏங்க, ஒண்ணு சொல்லிப்புடுறேன். அவளப் பத்தி என்கிட்ட கேட்டா நான் பேச மாட்டேன். அவ இடத்துல அவ பாத்தா. அம்புட்டுத்தான்.

— நீ அங்கதானே பாத்துகினு நின்ன? தலைய வேற ஆட்டின. நான் பாத்தேன்.

— ஆட்டினேன். அவ முடிவு என் முடிவு.

— செல்வி, கண்ணால பாத்தத மனசுல பூட்டி வெச்சுகினு ஒரே வீட்ல எப்பிடி இருப்ப? வேணாம். யாருக்காகவும் எதையும் மறைக்காதீங்க. எனக்கு அது புடிக்கல.

— நான் எதையும் மறைக்கல. நீங்க போய் சோறு ஆக்குங்க.

— குக்கர் வெச்சாச்சு. நான் வெளிய போறேன். வெச்சிடறேன்.

— வெளிய எங்க போறாரு அண்ணி?

— வேற எங்க? கங்கப்பன் சார் வீட்டுக்குத்தான்.

— 'யாருக்காகவும் மறைக்காதீங்க'ன்னா, நான் தப்பா குடுத்தேன், நீங்க எனக்காக மறைக்கறீங்கன்னு நெனைக்கறாரு.

— நெனச்சா நெனச்சுட்டுப் போகட்டும். உன்னய விட்டுக்குடுத்து எனக்கு ஒரு பேனலும் வேணாம்.

— அண்ணி...

— என்னத்தா?

— நீங்க கல்யாணமாகி வந்த புதுசுல நான் உங்ககூட பேசினதே இல்ல. ஞாபகம் இருக்குதா?

— மறக்க முடியுமா? மேலூர்க்காரி ஒருத்தி ஃபேக்டரி லைன்ல நின்னு உன் அண்ணன வளைச்சுப் போட்டுட்டாள்னு ஒரு வருஷம் மொகத்தத் திருப்பிக்கிட்டுத் திரிஞ்ச. தோட்டத்துல தக்காளிக் கூடைய நான் ஒரு பக்கம் புடிச்சா நீ மறுபக்கம் புடிக்க மாட்ட. அத்தை வந்து புடிப்பாங்க.

— நீங்க பேசற பேச்சு எனக்குப் புரியவே இல்ல. 'அங்கிட்டு வை, இங்கிட்டு வை'ன்னா நான் எங்கன்னு வெக்கறது? திமிரா பேசறீங்கன்னு நெனச்சேன்.

— நீ கன்னடத்துல போன் பேசினா என்னயத்தான் வையிறன்னு நானும் நெனச்சேன்.

— சில நேரம் உங்களத்தான் வஞ்சேன்.

— தெரியும்டி.

— அப்புறம் கங்கப்பன் சார் நம்ம ரெண்டு பேரையும் ஒரு மேட்ச்சுல போட்டாரு. ஒரே வீட்டு ஆளுங்க, நல்லா ஒத்துப்போவாங்கன்னு நெனச்சுட்டாரு பாவம்.

— மேட்ச்சுக்கு முன்னாடி ரெஃப்ரி ரெண்டு பேரும் உக்காந்து பேசியே ஆகணும்னு சட்டம். வேற வழி? பேசினோம். நம்ம வீட்டு இரும்புக் கட்டில் மேல ஆளுக்கொரு மூலையில உக்காந்துக்கிட்டு.

— நான் முதல்ல கேட்டது இன்னா தெரியுமா? 'பந்து இந்தப் பக்கம் இருந்தா நீங்க எங்க பாப்பீங்க?'

— நான் சொன்னேன், 'பந்து உங்ககிட்ட இருந்தா நான் உங்க பக்கமே பாக்க மாட்டேன். பந்து இல்லாத எடத்தப் பாப்பேன். பந்த நீங்க பாத்துக்குவீங்க'ன்னு.

— அதுக்கு முன்னாடி என்னை யாரும் அப்பிடி நம்பினதில்ல அண்ணி. வீட்ல நான் அடுப்புல பால் வெச்சாக்கூட அம்மா பின்னால வந்து நின்னு பாப்பாங்க. நீங்க முழுசா முதுகைக் காட்டிகினு நின்னீங்க. அன்னிக்கு மேட்ச் முடிஞ்சு வண்டியில உங்க பின்னால உக்காந்து வந்தேன். உங்கள எனக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு.

— வண்டியில என் இடுப்பப் புடிக்காம கம்பியப் புடிச்சுக்கிட்டு வந்த.

— வெக்கமா இருந்துச்சு.

— சரி விடு. இப்பப் பேசி என்னைய உருக வைக்காத.

— இல்ல அண்ணி, எதுக்கு சொல்றேன்னா... இன்னிக்கும் நீங்க இல்லன்னா நான் அவ்ளோதான். அந்தக் கடைசிப் பந்துல நீங்க மட்டும் அத்தன தூரத்துலேருந்து பாக்காம போயிருந்தா, நான் இன்னா பண்ணியிருப்பேன்? உங்க கண்ணு கண்ணுதான்.

— யாரு பாக்காம போயிருந்தா?

— நீங்க.

— நான் என்னத்தப் பாத்தேன்?

— பந்து யாரு கை பட்டு வெளிய போச்சுன்னு.

— நானா? நீயில்லத்தா பாத்த!

— இன்னா அண்ணி வெளயாடறீங்களா?

— நீதானே விசில் ஊதின?

— பந்து வெளிய போனத பாத்தேன், ஊதினேன். யாரு கை பட்டுதுன்னு பாக்கல. எனக்கு முன்னாடி அண்ணன் நின்னுகினு இருந்தாரு, கோட்டு மேலயே. அவரு முதுகும், விழுந்து கெடந்த ரெண்டு பொண்ணுங்களுந்தான் தெரிஞ்சிச்சு. அதனாலதான் உங்களப் பாத்தேன். தெரியலன்னா கூட ஊதறவங்களப் பாருன்னு நாமதானே பேசி வெச்சோம்?

— நீ அதுக்கா பாத்த?

— பின்ன எதுக்கு?

— ஆத்தாடி! 'குடுத்துரட்டுமா அண்ணி'ன்னு கேக்கிறன்னு நெனச்சேன்டி! எதிர் டீமுக்குக் குடுக்கணும், அண்ணன் மனசு கஷ்டப்படுமேன்னு தயங்குறன்னு நெனச்சேன். தைரியமாக் குடுடின்னுதான் தலைய ஆட்டினேன்.

— அப்போ நீங்க பந்தப் பாக்கலியா?

— உன் ஏரியாவுல நான் எதுக்குக் கண்ணு வைக்கிறேன்? ரிங்குக்குக் கீழ ரெண்டு புள்ளைங்க தள்ளிக்கிட்டு நின்னுச்சுக. அதுகளத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். விசில் கேட்டுத்தான் இங்கிட்டுத் திரும்பினேன்.

— ஆனா உங்க தலை சரிதா மேடம் பெஞ்சுப் பக்கமா ஆடிச்சு! அவங்க பந்துன்னு காட்டறீங்கன்னுதானே நான் கைய நீட்டினேன்!

— சாயங்கால வெயிலு நேரா மூஞ்சியில அடிச்சுச்சுத்தா. கண்ணு கூசிச்சு, திருப்பிக்கிட்டேன்.

— வெயிலா?

— வெயிலுதான்.

— அண்ணி... அப்போ அந்தப் பந்த...

— யாருமே பாக்கல.

— அய்யோ, நான் அண்ணன்கிட்ட எவ்ளோ கெத்தா பேசினேன்! 'பதில் ஒண்ணுதான்'னு!

— நான் மட்டும் என்ன? 'அவ முடிவு என் முடிவு'ன்னேன். ரெண்டு பேருமா சேந்து ஒரு முடிவ எங்கேயிருந்து எடுத்தோம்னே தெரியல.

— சிரிக்காதீங்க.

— சிரிப்பு வரலடி, அழுக வரப்பாக்குது, அது இப்பிடி வருது. அந்தப் புள்ள பிரியா மேட்ச் முடிஞ்சு தண்ணி கூடக் குடிக்காம உக்காந்திருந்தா. தெரியலன்னு நாம ஒத்துக்கிட்டு பந்த நடுவுல தூக்கிப் போட்டு ஜம்ப் பால் குடுத்திருந்தாக்கூட ஒரு ஞாயம் இருந்திருக்கும்.

— நமக்குத் தெரியாதுன்னு நமக்கே தெரியலியே அண்ணி. நீங்க என்னை நம்பினீங்க, நான் உங்கள நம்பினேன்.

— ஒருத்தரை ஒருத்தர் நம்பி, அந்த மனுஷனக் கவுத்துப்புட்டோம். பாவம், அவரு கேட்டது ஞாயமான கேள்விதானே? 'யாரு பாத்தது'ன்னு. ரெண்டு பேரும் சுவரு மாதிரி நின்னோம்.

— இப்ப இன்னா பண்றது? இது நம்ம ரெண்டு பேருக்கு மட்டுந்தான் தெரியும். பேசாம இருந்தா...

— சௌமி.

— சும்மா சொல்லிப் பாத்தேன் அண்ணி. என்னால முடியாது. அவரு மூஞ்சியப் பாத்து நான் சோறு திங்க முடியாது.

— என்னாலயும் முடியாது. கோச்சு கத்தினா பதில் சொல்ல வேணாம், சரி. கேள்வியாக் கேட்டா நெஜத்தச் சொல்லணும். அவரு கேள்வியாத்தான் கேட்டாரு. சொல்லிருவோம்.

— சொன்னா பேனல் போயிடும் அண்ணி. விசிலும் போயிடும்.

— போகட்டும்.

— அப்போ நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. விசில் ஊதினது நான். கைய நீட்டினது நான். தப்பு என் தலையிலயே இருக்கட்டும். நீங்க பாக்கல, உங்க ஏரியா இல்ல, அவ்ளோதான். உங்க பேராவது போகட்டும் ஸ்டேட்டுக்கு.

— அடி வாங்குவ. தலைய ஆட்டினது யாரு? தெரியலன்னா தெரியலன்னு கைய விரிச்சிருக்கணும் நான். தப்பு என்னோடது. நீ சின்னவ, நீ போ.

— நான் போகல.

— நானும் போகல.

— இன்னா அண்ணி, வீட்டுக்குத்தான் நீ முதல்ல போ நீ முதல்ல போன்னு சண்டை போட்டோம். இப்ப இதுக்குமா?

— அப்ப சேந்தே சொல்லுவோம். 'நாங்க ரெண்டு பேரும் பாக்கலைங்க.' அம்புட்டுத்தான். யாரு தப்புன்னு கேட்டா?

— ரெஃப்ரி தப்பு.

— அதேதான். கண்ணத் தொடை. மூக்கையும் தொடை.

— அண்ணி, அந்த வண்டிச் சத்தம்...

— எனக்கும் கேக்குது. சைலன்சர் ஓட்டை. வேற யாரு?

— இங்கியே வந்துட்டாரு. ஏழு மணி கூட ஆகலியே. ஷூ காணோம், ரப்பர் செருப்பப் போட்டுகினு வந்திருக்காரு.

— எந்திரி. சேந்து நில்லு.

— எதுக்கு ரெண்டு பேரும் எந்திரிச்சு நிக்கறீங்க? இங்க ஒண்ணும் மேட்ச் நடக்கல. உக்காருங்க.

— நீங்க உக்காருங்க. முகமெல்லாம் இப்பிடி வேர்த்திருக்கு. எங்க போயிட்டு வாரீங்க?

— கங்கப்பன் சார் வீட்டுக்கு. சொல்ல வேண்டியத சொல்லிட்டேன் செல்வி.

— சொல்லிட்டீங்களா?

— சொல்லிட்டேன். மனசு தாங்கல. அவரு எல்லாத்தையும் நோட்டுல எழுதிகினாரு. அப்புறம் சரி, நாளைக்கு மீட்டிங்ல பேசிக்கலாம்னாரு.

— அண்ணா, நீங்க பண்ணது சரிதான். உங்க மேல எங்களுக்கு ஒரு கோவமும் இல்ல.

— சரின்னு சொல்றியா? நெஜமாவா சௌமி?

— நெஜமாத்தான். நாங்களும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அண்ணி, நீங்க சொல்லுங்க.

— சேந்து சொல்றதாத்தானே பேச்சு?

— நீங்களே ஆரம்பிங்க அண்ணி.

— சரி, நானே சொல்றேன். ஏங்க, அந்தக் கடைசிப் பந்து இருக்குல்ல? அத நாங்க பாக்கல.

— இன்னாது?

— நான் பாக்கலைங்க. இவளும் பாக்கல. நான் பாத்தேன்னு இவ நெனச்சா, இவ பாத்தான்னு நான் நெனச்சேன். நான் சும்மா தலைய ஆட்டினேன், இவ கைய நீட்டிட்டா. இப்பத்தான், இந்த டேபிள்லதான் எங்களுக்கே தெரிஞ்சுது.

— உங்க முதுகுதான் அண்ணா எனக்குத் தெரிஞ்சிச்சு. உங்க பொண்ணுங்க பந்தா, அவங்க பந்தான்னு எனக்கு சத்தியமா தெரியாது. பிரியாகிட்ட நாங்களே வந்து மன்னிப்புக் கேட்டுக்கறோம். பேனலும் வேணாம், ஒண்ணும் வேணாம்.

— ஏங்க, திட்டணும்னா திட்டுங்க.

— இருங்க, இருங்க. எனக்குத் தலை சுத்துது. ஒரே ஒரு கேள்வி.

— கேளுங்க கோச்.

— ரெண்டு பேருமே பாக்கலியா? எதையுமே?

— எதையுமே பாக்கல.

— போன்ல கேட்டப்ப அவ்ளோ உறுதியா பேசினீங்களே, அது எனக்காக எதையோ மறைச்சு வெச்சதால இல்லியா?

— உங்களுக்காக நாங்க என்னத்தங்க மறைக்கப் போறோம்?

— அடிப்பாவிங்களா! கோட்டத் தாண்டி உள்ள நின்ன என் வெள்ளை ஷூவுல பட்டுத்தான் அந்தப் பந்தே வெளிய போச்சு. நீங்க ரெண்டு பேரும் அத பாத்துட்டு என் மானத்துக்காக வாய மூடிகினு இருக்கீங்கன்னு நெனச்சு, என்னால உங்க விசில் போயிடக் கூடாதேன்னு, இப்பத்தான் கங்கப்பன் சார் முன்னாடி எல்லாத்தையும் ஒத்துகினு வர்றேன்!